மலைப்பாதை விற்பனைக்கு, பாதை வெட்டியவருக்கு என்ன?

மலையகத்துக்கு அண்மைக் காலமாக ஒரு புதிய வகை விருந்தாளி வந்துகொண்டிருக்கிறார். தலையிலே கவசம், கைகளில் உறை, முழங்காலிலும் முழங்கையிலும் காப்பு. அவர் ஏறியிருப்பது தடித்த டயர்களும் குலுக்கலைத் தாங்கும் சுருள்களும் பூட்டிய மலைச் சைக்கிள். ஹந்தானை மலைத்தொடரிலிருந்து மகாவலிப் பள்ளத்தாக்கை நோக்கியும், ஹட்டன் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து களனி கங்கை பாயும் கித்துல்கலையை நோக்கியும், ஹப்புத்தளை மலை விளிம்பிலிருந்து கீழ்நாட்டை நோக்கியும் அவர் இறங்குகிறார். காடு, தேயிலை, ஆறு, மீண்டும் காடு. இத்தனை சிறிய நிலப்பரப்புக்குள் இத்தனை காட்சிகள் கிடைப்பது அரிது என்று சுற்றுலா விளம்பரங்கள் சொல்கின்றன. அதில் பொய்யில்லை.

ஆனால் அந்த விளம்பரங்களில் தவறாமல் இடம்பெறும் இன்னொரு சொற்றொடர் உண்டு. ‘பிரித்தானியர் காலத்துப் பாதைகள்’ என்பது அது. என்னுடைய வழக்கு இந்தச் சொற்றொடரோடுதான். காலம் பாதை வெட்டுவதில்லை. மண்வெட்டி பிடித்த கைதான் வெட்டுகிறது. அந்தக் கை யாருடையது என்பதை மறைத்துவிட்டு, அந்தக் கை வெட்டிய பாதையை மட்டும் பொதி செய்து விற்பது வரலாற்றுப் பிழை மட்டுமன்று. இன்றைய ஒரு பெரும் அநியாயத்துக்குப் போர்த்தும் போர்வையும் ஆகும்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். நான் சைக்கிளின் எதிரியல்லன். யாழ்ப்பாணத்தில் பொருளாதாரத் தடைக் காலத்தில் வாலிபத்தைக் கழித்த எவனும் சைக்கிளின் எதிரியாக இருக்க முடியாது. 1990களின் தொடக்கத்தில் எங்களுக்கு அதுதான் லொறி, அதுதான் அம்புலன்ஸ், அதுதான் கலியாண ஊர்வல வாகனம். விறகும் நெல்மூட்டையும் நோயாளியும் அதன் கரியரில்தான் பயணம் செய்தார்கள். பின்னர் பேராதனையில் கலைப்பீட மாணவனாக இருந்தபோது, ஹந்தானைச் சரிவில் ஓய்வு நாட்களில் நடந்து திரிந்தவன் நான். அந்தப் பாதைகளின் அழகை எவரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அழகை வெளிநாட்டவர் காண்பதில் எனக்கு மனத்தாங்கலும் இல்லை. கணக்கு நேராக இருக்க வேண்டும் என்பதே என் வாதம்.

இன்று இந்தப் பாதைகளுள் மிகவும் பேசப்படுவது ‘பெக்கோ ட்ரெயில்’. ஹந்தானையில் தொடங்கி, கலஹா, லூல்கந்துர, பூண்டுலோயா, நோர்வூட், பொகவந்தலாவை, ஹப்புத்தளை, எல்ல என்று வளைந்து நுவரெலியாவில் முடிகிறது. மொத்தம் 22 கட்டங்கள், 300 கிலோமீற்றருக்கும் மேல். நடப்பவர்களை முதன்மையாக எண்ணி அமைக்கப்பட்டது. ஐரோப்பிய ஒன்றியமும் அமெரிக்காவின் யு.எஸ்.எயிட் நிறுவனமும் நிதி உதவின. (அந்த அமெரிக்க நிறுவனமே 2025இல் மூடப்பட்டுவிட்டது என்பது வேறு கதை.) சைக்கிள் சுற்றுலா நடத்துவோர் மலைநாட்டில் பயன்படுத்துவதும் இதே வகைத் தோட்டத்து வீதிகளையும், மலையைக் குறுக்கறுக்கும் ஒற்றையடிப் பாதைகளையும்தான். புதிதாக வெட்டப்பட்ட பாதைகள் மிகக் குறைவு. ஏற்கனவே இருந்தவற்றைத் தேடி, இணைத்து, வரைபடமாக்கினார்கள். நல்ல வேலைதான். ஆனால் ‘ஏற்கனவே இருந்தவை’ எப்படி இருந்தன?

1840இல் குடியேற்ற அரசு கொண்டுவந்த காணிச் சட்டம், உறுதிப் பத்திரம் காட்ட முடியாத காட்டையும் சேனை நிலத்தையும் முடிக்குரியதென்று கருத வழிசெய்தது. கண்டிச் சீமையின் சிங்களக் கிராமத்தவர் தலைமுறை தலைமுறையாகப் புழங்கிய மலைகள் அவ்வாறு கைமாறின. அந்த மக்களின் இழப்பையும் மறந்துவிட்டு மலையகத்தைப் பற்றி எழுதுவது நேர்மையாகாது. காடு வெட்டப்பட்டது. கோப்பி நடப்பட்டது. தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து பஞ்சத்துக்கும் கடனுக்கும் தப்பிக் கங்காணியின் பின்னால் வந்தவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, வன்னிக் காட்டை ஊடறுத்து மாத்தளைக்கு நடந்தார்கள். வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் பசியிலும் வழியிலேயே விழுந்தவர்களுக்குக் கல்லறை இல்லை. பிழைத்து வந்தவர்கள் மலையில் வழி வெட்டினார்கள். 1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார் என்று பாடநூல் சொல்கிறது. அந்த 19 ஏக்கரைத் துப்புரவாக்கி, குழி வெட்டி, கன்று நட்டவர்களின் பெயரைப் பாடநூல் சொல்வதில்லை. கோப்பி நோயில் அழிந்தபின் தேயிலை மலையேறியது. அதைப் பின்தொடர்ந்து ரயிலும் ஏறியது: நானுஓயா 1885, பண்டாரவளை 1894, பதுளை 1924. சுரங்கங்களைக் குடைந்ததும் அணை கட்டியதும் பெரும்பாலும் இதே கைகள்தான்.

காடு முற்றாக அழியாமல் தப்பியதற்கும் ஒரு கதை உண்டு. 1873இல் தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கர், 5000 அடிக்கு மேலுள்ள காடுகளை வெட்டலாகாது என்று பரிந்துரைத்தார். ஆறுகள் பிறக்கும் இடம் அது என்பதே காரணம். இன்று ஹோர்ட்டன் சமவெளிப் பக்கம் குளிர்ந்த காட்டு நிழலை ரசிப்பவர், அந்தப் பரிந்துரையின் பயனையும் அனுபவிக்கிறார். ஹூக்கரின் பெயர் ஆவணங்களில் இருக்கிறது. டெய்லருக்கு நினைவிடம் இருக்கிறது. பாதை வெட்டியவர்களுக்கு மட்டும் ‘பிரித்தானியர் காலம்’ என்ற பொதுப் பெயர்.

2023ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். அது மலையகத் தமிழர் வருகையின் 200ஆவது ஆண்டாக நினைவுகூரப்பட்டது. யூலை இறுதியில் தலைமன்னாரிலிருந்து புறப்பட்ட ஒரு நடைபயணம், முன்னோர் நடந்த வழியிலேயே நடந்து ஓகஸ்டில் மாத்தளையை அடைந்தது. நடந்தவர்கள் கேட்டவை: வாழ்வதற்கு உரித்துடைய காணி, நியாயமான கூலி, சமமான மொழியுரிமை, ‘எங்களையும் இந்நாட்டவராக எண்ணுங்கள்’ என்ற அங்கீகாரம். 1948இல் பிரஜாவுரிமை பறிக்கப்பட்டு, 1964இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின் மூலம் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிகுதி 1,50,000 பேர் பிறகு பார்க்கலாம் என்று மேசையில் பங்கு போடப்பட்டு, கடைசி நாடற்றவர் 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருந்த ஒரு சமூகத்தின் கோரிக்கை அது. மலைநாட்டின் நெடும்பாதையை உலகத்துக்கு விற்கும் விளம்பரமும் அதே காலத்தில்தான் சூடுபிடித்தது. இரண்டும் நடையைப் பற்றியவை. இரண்டும் தேயிலைப் பாதையைப் பற்றியவை. ஒன்றுக்கு உலகப் பயணச் சஞ்சிகைகளில் பக்கங்கள் கிடைத்தன. மற்றதற்கு எங்கள் தமிழ்ப் பத்திரிகைகளிலேயே எவ்வளவு இடம் கிடைத்தது என்பதை இத்தொழிலில் இருப்பவன் என்ற முறையில் நான் அறிவேன்.

மலைச் சைக்கிள் ஓட்டத்தில் பாதைகளுக்குத் தரம் பிரிக்கும் முறை ஒன்றுண்டு. பிரித்தானியாவில் பச்சை என்றால் இலகு; நீலம், சிவப்பு என்று ஏறிக் கறுப்பு என்றால் மிகக் கடினம். கல் பெயர்ந்து கிடக்க வேண்டும், வேர்கள் துருத்த வேண்டும், செங்குத்தாக இறங்க வேண்டும். அப்போதுதான் ஓட்டுபவருக்குச் சுவை. இந்த அளவுகோலின்படி எங்கள் தோட்டத்து வீதிகள் பலவும் சிவப்பு, கறுப்பு வரிசையில் முதலிடம் பெறும். தார் கண்டு முப்பது, நாற்பது வருடமான வீதிகள் அவை. தாரே காணாதவையும் உண்டு.

ஆனால் அதே வீதியில் பிரசவ வலி கண்ட பெண்ணைக் கொழுந்து லொறியில் ஏற்றிச் செல்கிறார்கள். லொறியும் வராத டிவிசன்களில் கம்பளியில் தூளி கட்டித் தோளில் சுமந்து இறக்குகிறார்கள். பிள்ளைகள் மழையில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு பாடசாலைக்கு இறங்குகிறார்கள். சைக்கிளோட்டியின் சாகசமும் கர்ப்பிணியின் ஆபத்தும் ஒரே கல்லில்தான் இருக்கின்றன. வீதியின் சீர்கேடே ஒரு விற்பனைப் பண்டமாக மாறும்போது, அதைச் செப்பனிடும் கடமை யாருக்கு உறைக்கும்? ‘இயற்கையான கரடுமுரடு’ என்று ஒரு வழிகாட்டி என் காதுபடவே வெளிநாட்டவருக்கு விளக்கினார். அதில் இயற்கை எதுவுமில்லை, ஐயா. அது ஐம்பது ஆண்டு அலட்சியம்.

ஹட்டனுக்கும் தலவாக்கலைக்கும் இடையிலுள்ள ஒரு தோட்டத்தில், சில காலத்துக்கு முன்னர் ஓய்வுபெற்ற தொழிலாளியான ஒரு மூதாட்டியோடு பேசிக்கொண்டிருந்தேன். அவருடைய லயத்துக்கு முன்னாலேயே சைக்கிள்காரர்கள் இறங்கும் பாதை. “இவ்வளவு பேர் போகிறார்களே அம்மா, ஒரு தேத்தண்ணிக் கடை போடலாமே?” என்று கேட்டேன். அவர் சிரித்தார். “போட்டோமுங்க ஐயா. மருமவன் நாலு தகரம் வச்சுக் கொட்டாய் கட்டுனாரு. ரொட்டியும் பிளேன்டீயும் வித்தோம். ரெண்டு மாசத்துல தொரை ஆளு அனுப்பிக் கழட்டச் சொல்லிட்டாரு. எடம் கம்பனியோடதாம்” என்றார். சற்று நேரம் கழித்து, “இந்த வழி எங்க தாத்தன் காலத்துல வெட்டுனதுங்க” என்றும் சொன்னார். அதற்கு மேல் அவர் எதுவும் கூறவில்லை. குறைகூறும் தொனியும் அதில் இல்லை. அதுதான் எனக்குக் கூடுதலாகச் சுட்டது.

விடயத்தின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது. 1970களின் காணிச் சீர்திருத்தத்தில் தோட்டங்கள் அரசுக்கு வந்தன. 1992இல் நிர்வாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் சென்றது. காணி நீண்டகாலக் குத்தகைக்குக் கொடுக்கப்பட்டது. இந்த எல்லாக் கைமாற்றங்களிலும் லயத்தில் இருப்பவரின் நிலை மாறவில்லை. ஐந்து தலைமுறை பிறந்து இறந்த காம்பராவுக்கு அவரிடம் உறுதி இல்லை. கூரைத் தகரம் மாற்றுவதற்கும், பின்பக்கம் ஒரு சாய்ப்பு இறக்குவதற்கும் நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். துரைமார் வாழ்ந்த பங்களாக்கள் ஆடம்பர விடுதிகளாகிவிட்டன. லயத்தில் இருப்பவர் ஒரு விருந்தாளியைத் தங்கவைத்துப் பத்து டொலர் சம்பாதிக்க நினைத்தால் சட்டப்படி அவருக்கு வீடே இல்லை. வங்கியில் கடன் கேட்டால் ஈடு வைக்க எதுவும் இல்லை. சுற்றுலாவின் பயன் ‘கீழே கசியும்’ என்கிறார்கள். கசிந்து தேங்குவதற்குக் கீழே ஒரு பாத்திரம் வேண்டாமா? அந்தப் பாத்திரம்தான் காணி.

கூலியின் கணக்கையும் பார்த்துவிடலாம். 2021இல் ஆயிரம் ரூபாவுக்கே பெரும் போராட்டம் தேவைப்பட்டது. 2024இல் அடிப்படை நாட்கூலி 1350 ரூபா என வர்த்தமானியில் வந்தது. 2026ஆம் ஆண்டுக்கான வரவுசெலவுத் திட்டத்தில் வருகைக் கொடுப்பனவு சேர்த்து அதனை 1750 ரூபாவாக்குவதாக அறிவிக்கப்பட்டது. ஆறு டொலரைத் தொடாது. நல்ல மலைச் சைக்கிளொன்றின் விலை சில ஆயிரம் டொலர். சைக்கிளோட்டியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதற்காக இதைச் சொல்லவில்லை. அவர் உழைத்த காசில் அவர் சைக்கிள் வாங்குகிறார். ஆனால் அவர் படம் பிடிக்கும் கொழுந்துக்கூடைக்காரியின் ஒரு நாள் எவ்வளவு பெறுமதியானது என்பது அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

இந்த விளையாட்டின் வரலாற்றிலேயே இதற்கான விடை இருக்கிறது. 1976 ஒக்டோபரில் கலிபோர்னியாவின் மரின் மாவட்டத்தில் சில இளைஞர்கள் பழைய கனத்த சைக்கிள்களை மலைக்கு ஏற்றி, ஒரு தீத்தடுப்பு வீதியில் போட்டிக்கு இறங்கினார்கள். ‘ரீபெக்’ என்று பெயர் பெற்ற ஓட்டம் அது. ஒரு தடவை இறங்கி முடிந்ததும் பின்சக்கரப் பிரேக்கின் கிரீஸ் எரிந்துபோய் மீண்டும் அடைக்க வேண்டியிருந்ததால் வந்த பெயர். மலைச் சைக்கிளின் பிறப்பு அங்கேதான் என்று சொல்வார்கள். கவனியுங்கள்: அன்றும் அவர்கள் ஓடியது வேறொரு தேவைக்காக வேறு யாரோ அமைத்த வழியில்தான். பின்னர் நடப்போரோடும் குதிரையோட்டிகளோடும் பிணக்கு வந்தது. பாதைகள் மூடப்பட்டன. அதன் விளைவாகச் சைக்கிளோட்டிகள் 1988இல் சர்வதேசச் சங்கம் அமைத்தார்கள். தாங்களே மண்வெட்டி பிடித்துப் பாதை பராமரிக்கும் மரபை வளர்த்தார்கள். பாதையை அனுபவிப்பவன் பாதைக்குக் கடன்பட்டவன் என்பது இந்த விளையாட்டின் சொந்த அறம். எங்கள் மலைக்கு வரும்போது மட்டும் அந்த அறம் ஏன் விமான நிலையத்திலேயே தங்கிவிடுகிறது?

டெய்லர் பிறந்த ஸ்கொட்லாந்தைப் பார்ப்போம். எங்கள் தோட்டங்கள் பலவற்றின் பெயர்கள் அந்நாட்டு ஊர்களின் பெயர்கள். துரைமாரில் பலர் அங்கிருந்து வந்தவர்கள். அங்கே ட்வீட் ஆற்றுப் பள்ளத்தாக்கில், பீபிள்ஸ் நகருக்கு அருகில், கிளென்ட்ரெஸ் என்ற அரச காடு மலைச் சைக்கிளுக்குப் பேர்போனது. மலையக நடைபயணம் மாத்தளையை அடைந்த அதே 2023 ஓகஸ்டில்தான் உலகச் சைக்கிள் சம்பியன் போட்டியின் மலைப் பந்தயங்கள் அந்தக் காட்டில் நடந்தன. அங்கே பந்தயப் பாதை வேறு, மரம் ஏற்றும் லொறி வீதி வேறு. சாகசத்துக்கென்று கல்லடுக்கித் தனிப் பாதை கட்டியிருக்கிறார்கள். யாருடைய ஆஸ்பத்திரி வழியையும் பாழாய்க் கிடக்கவிட்டு அதற்குச் சிவப்பு நிறம் பூசவில்லை.

அதைவிட முக்கியமானது சட்டம். ஸ்கொட்லாந்தின் 2003ஆம் ஆண்டுக் காணிச் சீர்திருத்தச் சட்டத்தின் முதலாம் பாகம், நடப்பவரும் சைக்கிளோட்டியும் தனியார் நிலத்திலும் பொறுப்போடு செல்லும் உரிமையை அளித்தது. அதே சட்டத்தின் இரண்டாம் பாகம், நிலம் விற்பனைக்கு வந்தால் அங்கு வாழும் சமூகம் முதலில் வாங்கும் உரிமையை அளித்தது. மூன்றாம் பாகம், சிறுகுடியானவர் சமூகங்களுக்கு இன்னும் ஒரு படி மேலே சென்றது. வந்து செல்பவனுக்கு வழி, இருந்து வாழ்பவனுக்கு நிலம்: இரண்டும் ஒரே தாளில் எழுதப்பட்டன. நாங்கள் அந்தச் சட்டத்தின் முதலாம் பாகத்தை மட்டும், அதுவும் எழுதாச் சட்டமாக, இறக்குமதி செய்திருக்கிறோம். நியூசிலாந்தில் ரொட்டோருவா நகருக்குப் பக்கத்து வகரேவரேவா காடும் மலைச் சைக்கிளோட்டிகளின் தலமே. 2008ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் வடதீவின் நடுப்பகுதிக் காட்டு நிலங்கள் மாவோரி இனக்குழுக்களிடம் திரும்பின. சைக்கிள் நிற்கவில்லை. நிலத்தின் சொந்தக்காரர் யார் என்பது தெரிந்த பின்னரும் பாதைகள் நன்றாகவே ஓடுகின்றன.

மண்ணைப் பற்றியும் பேச வேண்டும். ஈரமான சரிவில் பிரேக்கை இறுக்கிச் சறுக்கும் டயர் மண்ணைக் கீறும். அந்தக் கீறலில் மழைநீர் இறங்கி ஓடையாகும். ஆகவே பாதையை நேரே இறக்காமல் சரிவுக்குக் குறுக்காக வளைத்து, தண்ணீர் பாதையில் நில்லாமல் பக்கவாட்டில் வடிய வைக்க வேண்டும் என்று பாதை அமைக்கும் வல்லுநர்கள் எழுதியிருக்கிறார்கள். மிகச் சரி. ஆனால் இதைத்தான் தோட்டத்தில் ‘கான் வெட்டு’ என்று நூற்றைம்பது ஆண்டுகளாகச் செய்து வருகிறார்கள். எந்தச் சரிவில் எந்த வாட்டத்தில் கான் இறக்கினால் மண் நிற்கும் என்பதை அறிந்த முதியவர்கள் இன்னும் லயங்களில் இருக்கிறார்கள். அவர்களைச் சம்பளம் கொடுத்து அழைத்துப் பாதை பராமரிப்பை ஒப்படைத்தால், வெளிநாட்டு ஆலோசகருக்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு டிவிசனே பிழைக்கும்.

சரியும் மலையோடு விளையாட முடியாது என்பதற்கு அத்தாட்சி வேண்டுமா? 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தைக்கு அருகில் மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் புதைந்தன. அபாயம் என்று முன்னரே எச்சரிக்கை இருந்தது. போவதற்கு ஒரு துண்டு நிலம்தான் இருக்கவில்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது நாடெங்கும் அறுநூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். கண்டி, பதுளை, நுவரெலியா மாவட்டங்கள் மண்சரிவில் சிதைந்தன. காணியற்றவன் வீட்டை இழக்கும்போது, ‘நீ இழந்தது எது?’ என்ற கேள்விக்கே அவனிடம் பத்திரம் இல்லை. பாதைகள் மெல்லத் திருத்தப்படும். விளம்பரங்கள் மீண்டும் வரும். லயத்து மனிதர் எங்கே திரும்புவது?

இதற்கு மூன்று மறுப்புகளை வழக்கமாகக் கேட்கிறேன். முதலாவது: ‘நாடு 2022இல் வங்குரோத்தானது, டொலர் வேண்டும், இப்போது இதையெல்லாம் கிளறலாமா?’ தேயிலை விற்று டொலர் கொண்டுவந்தவர்கள் இவர்கள்தான். ஒன்றரை நூற்றாண்டாக நாட்டின் டொலருக்காகப் பொறுத்திருந்தவர்களிடம் இன்னும் கொஞ்சம் பொறு என்று சொல்வதற்கு ஒரு துணிச்சல் வேண்டும். இரண்டாவது: ‘சில இளைஞர்கள் வழிகாட்டிகளாகிவிட்டார்களே, சில வீடுகளில் உணவு விற்கிறார்களே.’ மகிழ்ச்சி. அவர்களைப் பாராட்டுகிறேன். ஆனால் ஒரு துரையின் நல்ல மனத்தில் தங்கியிருக்கும் கடை, அடுத்த துரை வரும்வரைதான் கடை. சலுகை வேறு, உரித்து வேறு. மூன்றாவது: ‘காணியைப் பிரித்துக் கொடுத்தால் தேயிலை அழியும்.’ நாட்டின் தேயிலை உற்பத்தியில் பெரும் பங்கு இன்று தெற்கின் சிறுதோட்ட உடைமையாளர்களிடமிருந்து வருகிறது. சொந்த நிலத்தில் தேயிலை நன்றாகவே வளர்கிறது.

ஆகவே என் கோரிக்கைகள் சுருக்கமானவை. பாதை செல்லும் ஒவ்வொரு தோட்டத்திலும் குடியிருப்போருக்கு வீட்டுக் காணியின் உறுதி கையில் கிடைக்க வேண்டும். ஏழு பேர்ச் என்று அரசாங்கங்கள் பல ஆண்டுகளாகச் சொல்லி, புதிய வீடு கிடைத்த சில ஆயிரம் குடும்பங்களோடு நின்றுவிட்ட வேலை அது. பாதையோரத்தில் கடை, தங்குமிடம், சைக்கிள் திருத்துமிடம் நடத்தத் தோட்ட நிர்வாகத்தின் அனுமதி தேவையில்லை என்று சட்டத்தில் எழுத வேண்டும். பாதையால் வரும் வருமானத்தில் எழுதி வைத்த ஒரு பங்கு, அந்தப் பாதையின் பராமரிப்புக்கும் அம்புலன்ஸ் செல்லும் வீதிக்கும் போக வேண்டும். சாகசப் பாதை தனியாகவும் மக்கள் வீதி தனியாகவும் பிரிய வேண்டும். வழிகாட்டிப் பலகைகளில் ஆங்கிலப் பெயரோடு, மக்கள் அந்தத் தோட்டத்தை வழங்கும் தமிழ்ப் பெயரும், பக்கத்துக் கிராமத்தின் சிங்களப் பெயரும், யார் வெட்டிய வழி என்ற செய்தியும் இருக்க வேண்டும். இதில் எதுவும் புரட்சியல்ல. ஸ்கொட்லாந்துக்காரனுக்குக் கிடைத்தது அவன் தேயிலைக்குக் கூலியாக அழைத்துவந்தவனின் பேரனுக்கும் கிடைக்கட்டும் என்பதுதான்.

கடைசியாக, புலம்பெயர்ந்த தமிழ் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. டொரொன்டோவிலிருந்தும் லண்டனிலிருந்தும் சூரிச்சிலிருந்தும் விடுமுறைக்கு வருகிறீர்கள். யாழ்ப்பாணத்தில் ஒரு வாரம், மலைநாட்டில் மூன்று நாள் என்பது இப்போது வழமையாகிவிட்டது. உங்கள் பிள்ளைகள் சைக்கிள் ஓட்டுகிறார்கள், நல்லது. வடக்கு, கிழக்குத் தமிழர்களாகிய எங்களுக்கு மலையகத்தைக் காட்சியாகப் பார்க்கும் பழக்கம் நெடுநாளாக உண்டு. அந்தப் பழக்கம் எங்கள் அரசியலையும் கெடுத்தது. பாதையில் இறங்கும்போது ஓரிடத்தில் சைக்கிளை நிறுத்துங்கள். நீங்கள் பேசும் மொழியையே அங்கே பேசுகிறார்கள், மொழிபெயர்ப்பாளர் வேண்டியதில்லை. வேறெந்தச் சுற்றுலாப் பயணிக்கும் இல்லாத வாய்ப்பு இது. சுற்றுலாவை ஏற்பாடு செய்த கம்பனியிடம், “இந்த லயத்துக்கு இதில் எவ்வளவு போகிறது?” என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால், அதையே இணையத்தில் மதிப்பீடாக எழுதுங்கள். பத்திரிகைக்காரன் கேட்டால் பதில் சொல்லாதவர்கள், வாடிக்கையாளர் கேட்டால் சொல்லுவார்கள்.